சீஸின் இடத்தில் பூசணி

காலை ஏழு மணிக்கு முன்பே விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணையில் வேன்கள் வந்து நிற்கின்றன. பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள். ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கையில் ஒயர்கூடை, அதற்குள் தண்ணீர் பாட்டில், எவர்சில்வர் டப்பா. ஆலை வாசலோடு தீக்குச்சி, செல்போன், நெருப்புத் தொடர்புள்ள எல்லாமே நின்றுவிட வேண்டும். உள்ளே அடுப்பு மூட்டிச் சோற்றைச் சூடாக்கும் பேச்சுக்கே இடமில்லை. விடியலில் அடைத்த சாப்பாட்டை மதியம் ஆறிய நிலையில்தான் சாப்பிடுகிறார்கள். வெடி சுற்றும் கைக்கு ஆறு மணி நேரத்துக்குப் பிறகும் கெடாத, வயிற்றில் கல்லாக உட்காராத உணவு தேவை.

இவர்களின் வீடுகளில் மாலையில் வேறொரு காட்சி. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் செல்போனில் சமையல் காணொளி பார்க்கிறார்கள். கண்ணாடித் தட்டில் மாக்ரோனி, அதன்மேல் பொன்னிறமாக வெந்த சீஸ், கரண்டியால் எடுத்தால் நூல் நூலாக நீளுகிறது. “அம்மா, இது பண்ணித் தாங்க” என்று கேட்கிறார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பேக்கரிகளின் விலைப்பட்டியலில் பீட்சாவும் பாஸ்தாவும் ஏறி நாளாகிவிட்டது. மளிகைக் கடையில் மசாலாப் பொடியோடு பாஸ்தா பாக்கெட்டும் தொங்குகிறது. ஓவனில் சுட்ட பாஸ்தா ஏழாயிரம்பண்ணைக்கு இனி அந்நியப் பண்டம் இல்லை.

பிள்ளைகளின் இந்த ஆசையைத் திட்டிப் பயனில்லை. அதைக் கரிசல் காட்டு வீட்டில், கைக்கு எட்டும் காசில், உடம்புக்குப் பாரமில்லாமல் சமைத்துக் கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பதே பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. வழி இருக்கிறது. வீட்டு மூலையில் சாக்குமேல் உருண்டு கிடக்கும் மஞ்சள் பூசணிக்காய்தான் அது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். சுட்ட பாஸ்தாவில் மூன்று அடுக்கு வேலை இருக்கிறது. மாக்ரோனியை வேகவைக்க வேண்டும். வெண்ணெயில் மைதாவை வறுத்து, பால் ஊற்றிக் கிண்டி, வெள்ளைச் சாஸ் காய்ச்ச வேண்டும். இரண்டையும் கலந்து மேலே சீஸைத் துருவிப் போட்டு ஓவனில் வைக்க வேண்டும். நான்கு பேருக்கு 250 கிராம் மாக்ரோனி என்றால் அதற்கு ஏறத்தாழ 900 கலோரி. வழக்கமான செய்முறையில் 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா, அரை லிட்டர் பால், 200 கிராம் சீஸ் சேரும். இவை எல்லாம் சேர்ந்து 1,500 கலோரியைத் தொடுகின்றன. உணவைவிட அதன் போர்வை கனமாக இருக்கிறது! தலைக்கு 600 கலோரி. அதில் கொழுப்பு மட்டும் 25 கிராமுக்கு மேல்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எண்ணெய், கொழுப்பு வகைகள் 27 கிராம் போதும் என்று சொல்லியிருக்கிறது. காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம் வேண்டும் என்கிறது. வழக்கமான சுட்ட பாஸ்தாவில் ஒரு நாளின் கொழுப்புக் கணக்கு ஒரே தட்டில் கிட்டத்தட்ட முடிந்துபோகிறது. காய்கறிக் கணக்கோ தொடங்கவே இல்லை.

இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டில் யாரும் அலட்சியப்படுத்த முடியாது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023 ஜூனில் வெளியானது. நாட்டு மக்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்ன அந்த ஆய்வு, தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம் என்று காட்டியது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்யும் மக்கள் மிகுந்த வட்டாரம் சிவகாசி வட்டாரம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் எல்லாமே பெரும்பாலும் உட்கார்ந்தோ நின்ற இடத்திலேயோ செய்யும் வேலைகள். அறுபது வருடத்துக்கு முன் பருத்திக் காட்டில் குனிந்து நிமிர்ந்த உடம்புக்குச் செரித்தது, இன்று சணல் நூல் சுற்றும் உடம்புக்குச் செரிக்காது.

மேல்நாட்டுச் சமையல்காரர்களும் இந்தச் சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். சீஸையும் கிரீமையும் பாதியாக வெட்டினால் பாஸ்தா வறண்டு, சப்பென்று போய்விடுகிறது. அதனால் வெட்டிய இடத்தில் எதையாவது வைத்தாக வேண்டும். அங்கே இலையுதிர் காலத்தில் அறுவடையாகும் பூசணியைச் சுட்டு, மசித்து, கொஞ்சம் பாலில் கரைத்துச் சாஸாக்கினார்கள். நிறம் செடார் சீஸின் நிறம். பதமும் கிரீமின் பதம். இனிப்பு லேசாக நாக்கில் தட்டுகிறது, மிளகும் பூண்டும் அதைச் சமன் செய்கின்றன. அந்த நாடுகளின் வீடுகளில் இன்று இது சாதாரணச் சமையல்.

பூசணியும் பாஸ்தாவும் சேர்வது நேற்று வந்த பழக்கம் இல்லை. இத்தாலியின் மாந்துவா நகரில் பூசணி மசியலை உள்ளே வைத்து மடித்த பாஸ்தா, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தின் பண்டம். பக்கத்து ஊரான ஃபெராராவிலும் அதற்கு இணையான ஒன்று உண்டு. ஆனால் பூசணி இத்தாலிக்குச் சொந்தமான காய் கிடையாது. அமெரிக்கக் கண்டத்தின் பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகள் பயிரிட்ட காயை, 1492-க்குப் பிறகு ஐரோப்பியர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே கடல் வழிகளில் அது ஆசியாவுக்கும் வந்து சேர்ந்தது.

தமிழ் அந்த வரவைப் பெயரிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறது. போர்ச்சுகீசியர்களைத் தமிழர்கள் பறங்கியர் என்றார்கள். அவர்கள் காலத்தில் வந்த காய் பறங்கிக்காய் ஆயிற்று. இன்று பரங்கிக்காய் என்று எழுதினாலும் வேர் அதுதான். சென்னையிலும் தஞ்சாவூரிலும் பரங்கி, கொங்கு நாட்டில் அரசாணி, தென் மாவட்டங்களில் பூசணி. திருநெல்வேலிப் பக்கம் வெள்ளைப் பூசணிக்குத் தடியங்காய் என்று தனிப்பெயர் இருப்பதால், வெறுமனே பூசணி என்றால் மஞ்சள்தான். இத்தனை பெயர் வைத்து உறவாக்கிக்கொண்ட காயை அந்நியம் என்று யார் சொல்ல முடியும்?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுட்ட பாஸ்தாவுக்கு அதிகம் பயன்படுவது ‘பட்டர்நட்’ என்ற ரகம். மணி வடிவில், வெளிர் பழுப்புத் தோலோடு இருக்கும். நம் சூப்பர் மார்க்கெட்டுகளில் அது தனி விலையில் அழகாக அடுக்கி வைக்கப்படுகிறது. தாவரவியல் கணக்கில் அது வேறு இனம் இல்லை. நம் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் மஞ்சள் பூசணி எந்த இனமோ, பட்டர்நட்டும் அதே இனம். அந்த ரகம் 1940-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவானது. சாத்தூர் சந்தையில் கிடைக்கும் காயின் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய தேவை விருதுநகர் மாவட்டத்தில் எவருக்கும் இல்லை.

இலையுதிர் காலம் என்ற சொல்லும் இந்த மண்ணுக்கு ஏற்ப மாற வேண்டும். ஏழாயிரம்பண்ணையில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் இலை உதிரும் காலமாக இருப்பதில்லை. அவை வடகிழக்குப் பருவமழைக் காலம். தீபாவளிச் சரக்கு வண்டியேறி முடியும் காலம். தீபாவளி கழிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும். கரிசல் மண் ஈரம் குடித்து ஊறியிருக்க, மானாவாரிக் காட்டிலும் வேலியோரத்திலும் பூசணிக்கொடி படரும். மார்கழியில் அதன் பூ வாசல் கோலத்துச் சாணப் பிள்ளையார்மேல் ஏறும். தைப்பொங்கல் குழம்புக்குக் காய் வந்துவிடும். வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அப்போதும் முற்றிய பூசணி வீட்டில் கெடாமல் இருக்கும். காம்பு காய்ந்த பிறகு அறுத்து, தோலில் கீறல் படாமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாத காய் இது.

ஆக, நமக்கான பூசணிப் பருவம் தையில் தொடங்கிப் பங்குனி வரை.

அடுத்த கேள்வி ஓவன். கரிசல் காட்டு வீடுகளில் ஓவன் இருப்பது அரிது. ஆனால் சுடுவது நமக்குத் தெரியாத வித்தை கிடையாது. தமிழில் தோசையும் சுடுகிறோம், பணியாரமும் சுடுகிறோம், அப்பமும் சுடுகிறோம், வடையையும் கூடச் ‘சுடுகிறோம்’. யாழ்ப்பாணத் தமிழர்கள் பேக்கரி அடுப்பைப் ‘போறணை’ என்கிறார்கள். போர்ச்சுகீசிய மொழியில் அடுப்பைக் குறிக்கும் சொல்லே அங்கே தமிழாகித் தங்கிவிட்டது. பருத்திமார் எரித்த கரிசல் அடுப்பில், சட்டியின் மூடிமேல் தணலை அள்ளிப் போட்டு மேலும் கீழும் சூடு காட்டும் பழக்கம் பிரியாணி தம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஓவனுக்குள் நடப்பதும் அதேதான்: நாலாபுறமும் ஒரே சீரான உலர்ந்த சூடு.

கனமான பிரஷர் குக்கர் போதும். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட வேண்டும். அடியில் ஓர் அங்குலத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து மூடிப் பத்து நிமிடம் காயவிட வேண்டும். பிறகு பாஸ்தா பாத்திரத்தை வளையத்தின்மேல் இறக்கி, தீயைக் குறைத்து இருபது, இருபத்தைந்து நிமிடம் வைத்தால் வெந்துவிடும். மேல்பகுதி மட்டும் ஓவனில் வைத்ததுபோல் முறுகாது. அதற்கு இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, பாத்திரத்தின் வாயை மூடியதுபோல் இரண்டு நிமிடம் கவிழ்த்து வைக்கலாம். துணி பிடித்துச் செய்ய வேண்டிய வேலை, பிள்ளைகளிடம் விடக்கூடாது.

இனி சாஸ். நான்கு பேருக்கு அரை கிலோ பூசணி. நகம் இறங்காத கெட்டித் தோல், காய்ந்த காம்பு, உள்ளே ஆரஞ்சு நிறச் சதை, இந்த மூன்றும் இருந்தால் நல்ல காய். இதைத் தண்ணீரில் வேகவைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு நீர். மேலும் நீரில் போட்டால் சாஸ் ரசமாகிவிடும். கீற்றுப் போட்டுத் தோசைக்கல்லில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் தடவி, மூடி, சிறுதீயில் இரண்டு பக்கமும் சுட வேண்டும். நீர் வற்றி இனிப்பு திரண்டு, ஓரங்களில் பழுப்பு ஏறும். கூடவே பத்துச் சின்ன வெங்காயமும் ஆறு பல் பூண்டும் அதே கல்லில் வதங்கட்டும். எல்லாவற்றையும் கால் லிட்டர் பாலோடு அரைத்து, மிளகு, உப்பு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் சேர்த்தால் சாஸ் முடிந்தது. மைதாவும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம். பூசணியின் சதையே கெட்டித்தன்மை தருகிறது.

மாக்ரோனியைச் சரியான பதத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே இறக்கி வடித்துவிட வேண்டும். அது சூட்டில் சாஸைக் குடிக்கும். அதனால் சாஸ் பார்வைக்குக் கொஞ்சம் நீர்க்க இருப்பதே நல்லது. மேலே 40 கிராம் சீஸ் மட்டும் துருவினால் போதும். சீஸின் சுவையை நாக்கு முதலில் தொடுவது மேற்பரப்பில்தான். உள்ளே 200 கிராம் கலந்தாலும் கண்ணுக்கும் நாக்குக்கும் அது தெரிவது குறைவு. மொறுமொறுப்புக்கு இரண்டு ரஸ்க்கைப் பொடித்துத் தூவலாம். தலைக்கு 20 கலோரி கூடும். சாத்தூர்க்காரர்கள் வீட்டில் ரஸ்க்குக்குப் பதில் ஒரு சிறு கைப்பிடி காராச்சேவு பொடியாகி மேலே ஏறினால் அதுவும் நியாயமே, கை மட்டும் சிறிதாக இருக்கட்டும்.

இந்தப் போர்வையின் கணக்கு: பூசணி 130 கலோரி, பால் 160, சீஸ் 130, எண்ணெய் 125. மொத்தம் 550-க்குள். வழக்கமான சாஸில் 1,500 இருந்த இடம் இது. தலைக்கு 600 கலோரி 360 ஆகிறது. கொழுப்பு எட்டு ஒன்பது கிராமுக்கு இறங்குகிறது. தட்டில் ஒவ்வொருவருக்கும் 125 கிராம் காய்கறி சேர்ந்துவிடுகிறது, அதுவும் காய்கறி என்றாலே ஒதுக்கும் பிள்ளைக்குத் தெரியாமல். உப்பிலும் லாபம் உண்டு. பாக்கெட் சீஸில் உப்பு அதிகம். சீஸ் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது அந்த உப்பும் குறைகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இலேசான சமையல் என்றதும் எண்ணெயை அறவே நிறுத்துகிறவர்கள் உண்டு. பூசணிக்கு மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. பார்வைக்கும் நோய் எதிர்ப்புக்கும் அது வேண்டும் என்பதால்தான் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசு வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுக்கிறது. கரோட்டின் கொழுப்பில் கரையும் பொருள்; கொஞ்சமாவது எண்ணெய் இல்லாவிட்டால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. அந்த ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய்க்கு வேலை இருக்கிறது. நல்லெண்ணெய் வணிகத்துக்குப் பேர்போன விருதுநகர் மாவட்டத்தில் அதைத் தேடி அலையவும் வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் வரும்: இனிப்புக் காய்தானே, சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா? நூறு கிராம் பூசணியில் மாவுச்சத்து ஏழு கிராமைத் தாண்டுவது அரிது. அவர்கள் கவலைப்பட வேண்டியது மாக்ரோனியைப் பற்றி. நூறு கிராம் மாக்ரோனியில் எழுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்து. ஆகவே அவர்களுக்கு மாக்ரோனியைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுட்ட பூசணித் துண்டுகளையும் வேகவைத்த பயறையும் சேர்ப்பது நல்லது. துவரம்பருப்போ தட்டைப்பயறோ சேரும்போது புரதமும் கூடுகிறது, வயிறும் நின்று நிதானமாகப் பசிக்கிறது.

மாக்ரோனிதான் வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சேமியா பாஸ்தாவின் நெருங்கிய உறவு. இரண்டும் கோதுமை மாவைப் பிசைந்து, அச்சில் பிழிந்து, உலர்த்தியவை. திண்டுக்கல்லில் தயாராகும் சேமியா தமிழ்நாட்டின் எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. நீள் சேமியாவை வறுத்துப் பூசணிச் சாஸில் கலந்து சுட்டால் வெட்டித் துண்டு போடும் பதத்துக்கு இறுகும். விருதுநகர் மாவட்டம் குதிரைவாலி விளையும் மண். கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கரிசல் மண்ணின் மானாவாரிப் பயிர்களுக்கே உழைத்துவரும் நிலையம். சிறுதானியச் சேமியா வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்துவிட வேண்டும். முன்பக்கம் குதிரைவாலிப் படம் இருக்கும், பின்பக்கச் சேர்மானப் பட்டியலில் மைதா முதலிடத்தில் நிற்கும். அப்படிப்பட்ட பாக்கெட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, குதிரைவாலி அரிசியையே பாதி வேக்காட்டில் வடித்துப் பூசணிச் சாஸில் சுடுவது மேல்.

மறுபடி அந்த ஒயர்கூடைக்கு வருவோம். பால், சீஸ், கிரீம் சேர்ந்த எந்தப் பண்டத்தையும் விருதுநகர் வெயிலில் ஆறு மணி நேரம் டப்பாவில் வைக்கக் கூடாது. உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. ஆலைக்குப் போகும் டப்பா முழு நேரமும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எனவே மேலே சொன்ன பாஸ்தா வீட்டில் சூடாகச் சாப்பிடும் இரவு உணவு. டப்பாவுக்கு வேறு வடிவம் வேண்டும்.

அந்த வடிவத்தைக் கரிசல் சமையல் ஏற்கெனவே வைத்திருக்கிறது. கட்டுச்சோறு என்றால் புளியும் நல்லெண்ணெயும் என்று நம் பாட்டிமார் முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. புளிப்பில் பல கிருமிகள் தலையெடுக்கத் திணறும். நீர் குறைந்த பண்டம் நின்று தாங்கும். வறுத்த சேமியாவை உதிரியாக வேகவைத்து வடித்து, நீர் வற்றச் சுட்ட பூசணி, கெட்டிப் புளிக்கரைசல், வறுத்துப் பொடித்த நிலக்கடலையும் எள்ளும், இரண்டு சம்பா வத்தல், பெருங்காயம் சேர்த்துக் கிளறி, தட்டில் அழுத்திச் சுட்டால் வில்லை போடலாம். பாலும் இல்லை, தேங்காயும் இல்லை. விடியலில் செய்து, முழுக்க ஆறவிட்டு, பிறகே டப்பாவை மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி ஊறவைத்துவிடும். ஆறிய பிறகு சாப்பிடவே உருவான சாப்பாடு இது. கடலை கொடுக்கும் புரதமும் கொழுப்பும் மதியத்துக்குமேல் வரும் சோர்வைக் கொஞ்சம் தள்ளிப்போடும்.

மேல்நாட்டில் சுட்ட பாஸ்தாவை இலேசாக்கக் கிரீமை எடுத்தார்கள். உடல் எடை அவர்கள் கவலை. ஏழாயிரம்பண்ணையில் கிரீமை எடுப்பதற்கு இன்னும் வலுவான காரணம் இருக்கிறது. முதலில் கெடுவது அதுதான். விலையில் ஏறி நிற்பதும் அதுதான்.

வீட்டுச் சமையலறையில் நிற்காமல் இந்தப் பேச்சு பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், காமராசர் பிறந்த நாளான 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அந்தத் திட்டத்தின் உணவுப் பட்டியலில் சேமியா உப்புமா இருக்கிறது, காய்கறிச் சாம்பார் இருக்கிறது. உள்ளூரில் கிடைக்கும் காய்கறிகளைச் சேர்க்கலாம் என்ற இடமும் இருக்கிறது. பட்டாசு ஆலைக்கு ஏழு மணிக்குப் புறப்படும் தாயின் பிள்ளைக்கு அந்தக் காலை உணவு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இந்த வட்டாரத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

சேமியா போடும் நாளில் விருதுநகர் மாவட்டப் பள்ளிகளில் மஞ்சள் பூசணி சாம்பாரில் மிதக்காமல் சேமியாவுக்குள்ளேயே போகட்டும். சாம்பாரில் மிதக்கும் பூசணித் துண்டைப் பிள்ளைகள் தட்டின் ஓரம் ஒதுக்குவதைச் சமைக்கிற பெண்கள் தினமும் பார்க்கிறார்கள். மசித்துக் கலந்துவிட்டால் ஒதுக்க எதுவும் இருக்காது. நிறமும் பிள்ளைகளுக்குப் பிடித்த நிறம். பள்ளிச் சமையல்கூடத்தில் ஓவன் கிடையாது என்பது உண்மை. சுடும் வேலையை விட்டுவிடலாம். அகலமான வாணலியில் தாளித்து நீர் வற்ற வதக்கி மசித்தாலே பலன் கிடைக்கும். குளிர்சாதனம் இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும் காய் என்பதால், நாள்தோறும் சந்தைக்குப் போக முடியாத சிற்றூர்ப் பள்ளிகளுக்குக் கீரையையும் தக்காளியையும்விட இது வசதி.

விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. மானாவாரிப் பூசணி எல்லாக் காட்டிலும் ஒரே சமயத்தில் காய்க்கும். சந்தையில் ஒன்றாக வந்து குவியும்போது விலை சரிகிறது. தை முதல் பங்குனி வரை வாரம் இரண்டு நாள் இத்தனை கிலோ என்று பள்ளிகளும் அங்கன்வாடிகளும் அருகிலுள்ள காடுகளிலிருந்து வாங்கினால், வேலியோரக் கொடி என்று கவனிக்காமல் விட்ட பயிருக்கு ஒரு நிலையான விலை வரும். மாவட்ட நிர்வாகமும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பருவத்திலேயே செய்து பார்க்கக்கூடிய காரியம் இது. காலை உணவைச் சமைப்பவர்களே அந்தக் குழுக்களின் பெண்கள்தான்.

இந்த மண்ணில் இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. விருதுநகரில் 1903-இல் பிறந்த காமராசர், முதலமைச்சராக இருந்தபோது பள்ளி மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். ஏழாயிரம்பண்ணையிலிருந்து எட்டயபுரம் தூரமில்லை. பசித்த பிள்ளைக்குச் சோறு என்பது அன்றைய கேள்வி. அந்தச் சோற்றில் எவ்வளவு காய், எவ்வளவு மாவு, எவ்வளவு எண்ணெய் என்பது இன்றைய கேள்வி. பாக்கெட் பாஸ்தாவும் எண்ணெயில் பொரித்த பரோட்டாவும் ஊர் முழுக்கக் கிடைக்கும் காலத்தில் இதற்கு விடை தேடாமல் தள்ளிப்போட முடியாது.

ருசி மாறிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். மாறும். பூசணிச் சாஸில் சுட்ட பாஸ்தாவில் சீஸ் நூல் அவ்வளவு நீளமாக வராது. முதல் நாள் பிள்ளை அதைக் கவனிக்கும், கேட்கவும் கேட்கும். அப்படிக் கேட்டால் மேற்பரப்பில் இன்னும் பத்து கிராம் துருவிப் போடலாம். தலைக்குச் சுமார் எட்டு கலோரிதான் கூடும். உள்ளே இருக்கும் பூசணியை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.

ஆலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று மாலை ஒரு பூசணியை அரிவாள்மனையில் இரண்டாகப் பிளந்து, விதையை வழித்துச் சாம்பலில் புரட்டி அடுத்த ஆடிக்கு விதைக்க எடுத்து வைக்கலாம். ஒரு பாதி பாலோடு அரைபட்டுக் குக்கருக்குள் போகும். பிள்ளைகள் மூடியைத் திறக்கும் நேரத்துக்குக் காத்திருப்பார்கள். மறு பாதி கல்லில் நீர் வற்றச் சுட்டு, புளியோடு கெட்டியாகக் கொதிக்கவைத்து எடுத்து வைக்கப்படும். திங்கள்கிழமை விடியலில் அதில் சேமியாவும் கடலைப்பொடியும் சேரும். வில்லை போட்டு, ஆறவிட்டு, எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி மூடும்போது தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்கும்.